ஒன்பதாம் தெளிப்பான்

ஜெசிந்தா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் புல்லில் இறங்குவாள். பக்தி ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு உள்ளங்கால்தான் கருவி. எங்கே ஈரம் தங்கியிருக்கிறது, எங்கே வேர் தவிக்கிறது என்பதைக் கால் சொல்லிவிடும். முகில்வழி ஆணையம் கொடுத்த ஈரமானியைப் பம்ப் அறை ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வாள்.

அன்றும் காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு தெளிப்பான்களும் தலையைத் தூக்கி மூன்று நிமிடம் தூவிவிட்டு அடங்கின. மதிலுக்கு அந்தப் பக்கம் குடங்களோடு நின்றவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புல் குடித்த பிறகுதான் மனிதர்களின் குழாய் திறக்கும். கொருக்குப்பேட்டையில் அது எல்லோருக்கும் பழகிப்போன ஒழுங்கு. புல்லுக்கு வருவது ஆட்டநீர். எங்கோ பெய்த மழையைப் பிடித்து, ஆணையம் முத்திரை வைத்த லாரியில் அனுப்புவது. மனிதர்களுக்கு வருவது உப்பறுநீர். கடல்நீரை வடிகட்டி உப்பை நீக்கியது, வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம். அதைக் குடித்தால் ஆணியைச் சப்பியதுபோல் நாக்கில் ஒரு வாடை நிற்கும். ஆட்டநீரைத் தொட்டால் குற்றம்.

ஏழாம் பிளாக்குக்கு ஐந்து நாளாக அந்த இரண்டு குடமும் இல்லை. அங்கிருந்த உப்பறு இயந்திரத்தின் சவ்வு கிழிந்துவிட்டது. காலிறுதி ஆட்டம் முடிந்ததும் மாற்றித் தருவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். காலிறுதியில் தோற்றால் மாற்ற வேண்டிய அவசியமே இருக்காது என்பதை எழுதவில்லை. எழுதாத வரியைப் படிக்கத் தெரியாதவர்கள் அந்த பிளாக்கில் யாரும் இல்லை. பக்கத்து பிளாக் குழாயில் கடைசியாக வடிவதைப் பிடிக்க அவர்கள் வரிசையின் வாலில் நின்றார்கள்.

ஆட்டம் அன்று மாலை நான்கு மணிக்கு. பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு கோமதி உள்ளே வந்தபோது ஜெசிந்தா கோல் கம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோமதியின் தோளில் எட்டு மாதக் குழந்தை.

"யக்கா, பாப்பாவக் கொஞ்சம் பாரேன். நேத்துலேந்து வயித்தால போவுது. அழுவுறா, ஆனா கண்ணுல தண்ணியே வரலக்கா."

ஜெசிந்தா துணியைப் போட்டுவிட்டுக் குழந்தையை வாங்கினாள். உச்சிக்குழி உள்வாங்கிக் கிடந்தது. வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்று, பிறகுதான் படிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"போனேன்க்கா. பவுடர் பொட்லம் குடுத்தாங்க. கொதிக்க வெச்சு ஆறின தண்ணில கலக்கிக் குடுன்னாங்க. தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

"துளசிக்குத் தெரியுமா?"

"எப்டித் தெரியும்? பதினாலு நாளா கேம்ப்புல வெச்சுப் பூட்டிக்கீறாங்க. போன் கெடையாது. தெரிஞ்சா ஆட்டத்த வுட்டுட்டு ஓடியாருவாரு. அப்பால ஊரே எங்க மூஞ்சில காறித் துப்பும்."

துளசிங்கம் கோமதியின் கணவன். கொற்றலை எஃப்.சி.யின் நடுத் தடுப்பாளன். ஏழாம் பிளாக் இரண்டாம் மாடியில் பிறந்து, இந்தப் புல்லிலேயே ஆடி வளர்ந்து, ஆறு வருடமாக அணியில் நிலைத்தவன். கழகத்துக்குப் பெயர் கொடுத்த கொற்றலை ஆறு வற்றி முப்பது வருடம் ஆகிறது. ஆறு இல்லாத ஊரில் ஆற்றின் பெயரில் பதினொரு பேர் ஓடுகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கிண்டலடிப்பதுண்டு. அவர்கள் ஊர் ஆறுகளுக்கும் அதே கதிதான்.

மேகமேய்ப்பு கண்டுபிடிக்கப்பட்டு இருபத்தெட்டு வருடம் இருக்கும். கடலில் எழும் மேகத்தை மேய்ப்பிகள் என்ற ஆளில்லா விமானங்கள் மடக்கி, வேண்டிய ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகும். யாருக்கும் மழை பொய்க்காது என்றுதான் தொடங்கினார்கள். கடலிலிருந்து கிளம்பியதோ நான்கு மந்தைக்கான மேகம். கரையில் தவித்த நகரங்களோ பதினாறுக்கும் மேல். ஆறு வருடம் ஒருவர் மேய்ப்பியை ஒருவர் சுட்டு வீழ்த்தினார்கள். பிறகு கணிப்பொறியிடம் தீர்ப்புக் கேட்டார்கள். தோற்ற ஊர்க்காரர்கள் கணிப்பொறியைக் கொளுத்தினார்கள். சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள், குலுக்கினவனை வெட்டினார்கள். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் சொன்னான், மனிதன் மனமாரத் தோல்வியை ஒப்புக்கொள்வது ஒரே இடத்தில்தான், கால்பந்து மைதானத்தில் என்று. அப்படிப் பிறந்ததுதான் ஆசியக் கரைநகரக் கழகக் கோப்பை. மக்கள் வைத்த பெயர் மழைக்கோப்பை.

எல்லாம் நாக் அவுட் ஆட்டங்கள். பதினாறு எட்டாகும், எட்டு நான்காகும். காலிறுதியில் வென்ற நான்கு ஊருக்கும் ஐப்பசியில் ஆளுக்கொரு மந்தை வந்து சேரும். அரையிறுதியும் இறுதிப் போட்டியும் வெள்ளிக் கோப்பைக்காக நடப்பவை. அவற்றைப் பார்க்க ஆட்டக்காரர்களின் மாமியார்கள்கூட வருவதில்லை. தொடர்ந்து மூன்று வருடம் மழை கிடைக்காத ஊரை ஆணையம் மூடிவிடும். வீட்டுக்கு ஒரு இடச்சீட்டு கொடுத்து உள்நாட்டு முகாம்களில் சிதறடிக்கும். கோப்பையில் காலியான இடத்துக்குக் கரையில் காத்திருக்கும் வேறோர் ஊரைச் சேர்க்கும். சென்னை இரண்டு வருடம் தோற்றிருந்தது. எதிரே வந்திருந்த சிட்டகாங் அணிக்கும் அது மூன்றாவது வருடம்தான். ஊருக்கொன்றாக இரண்டு ஆட்டம்; முதலாவது அங்கே ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்திருந்தது. மிச்சம் இந்த ஒரு மாலைதான்.

"பிளாக்குல மத்த கொழந்தைங்க எப்டிக்கீது?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"பதினொண்ணுல ஏழு படுத்துக்கினுதான் கீது."

ஜெசிந்தா தெற்குக் கோலைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் இருந்த தெற்குப் பார்வையாளர் மேடை விரிசல் விட்டு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்தது. மேடைக்கு அடியில் ஒரு வடிகால் துளை. துளைக்கு அந்தப் பக்கம் ஏழாம் பிளாக்கின் பின்சுவர். துளைக்கு இந்தப் பக்கம், கோலுக்கு இடப்புறம், ஒன்பதாம் தெளிப்பான்.

"ரெண்டே முக்காலுக்கு டிரம் எல்லாம் பின்னால கொண்டாந்து வெய்யி," என்றாள். "காதும் காதும் வெச்ச மாரி இருக்கணும். எங்கேந்து வருதுன்னு எவளும் கேக்கக் கூடாது."

* * *

இரண்டு மணிக்கு ஆணையத்தின் ஆட்டநீர் ஆய்வாளர் சதாசிவம் வந்தார். சேலத்துக்காரர், மரியாதையான மனிதர், தலையில் நனைத்த கைக்குட்டை. புல்லில் குறிப்பிட்ட ஐந்து இடங்களில் ஒரு சிறிய சரிவுப்பலகையை வைத்து அதிலிருந்து பந்தை உருட்டி விடுவார். நீர் பாய்ச்சிய பிறகு பந்து எட்டு மீட்டர் ஓட வேண்டும். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும், அதுதான் நியாயம், அதற்காகத்தான் ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரே அளவு மழைநீரை ஆணையம் அனுப்புகிறது. புல் நனைந்திருந்தால் பந்து வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்திருந்தால் யாரோ பிடித்து நிறுத்தினதுபோல் தயங்கும். அந்த ஐந்து இடங்களும் பத்து வருடமாக மாறவில்லை. ஒன்பதாம் தெளிப்பானின் வட்டத்தில் அவற்றில் ஒன்றும் இல்லை.

"எட்டாயிரம் லிட்டர்மா. பன்னெண்டு நிமிஷம். மீட்டர்ல ஒரு சொட்டு கொறஞ்சாலும் நான் எழுதித்தான் ஆகணும், தப்பா நெனைச்சுக்காதீங்க."

"கொறயாது சார்."

குறையவும் இல்லை. மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் எவ்வளவு வெளியே போனது என்பதுதான். மூன்று மணிக்கு வால்வைத் திறந்தபோது ஒன்பதாம் தெளிப்பானின் கழுத்தில் ஜெசிந்தா செருகி வைத்திருந்த ஹோஸ், பச்சைத் தார்ப்பாய்க்கு அடியில் பாம்பாக நெளிந்து வடிகால் துளைக்குள் போயிருந்தது. தெளிப்பானின் தலை பேருக்குக் கொஞ்சம் தூவியது. மூன்று பக்க மேடைகளிலும் நாற்பதாயிரம் பேர் காலிக் குடங்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மேளம் வாங்க வக்கில்லாத காலத்தில் தொடங்கிய பழக்கம், இப்போது குடம் இல்லாமல் யாரும் ஆட்டம் பார்க்க வருவதில்லை. பன்னிரண்டில் ஒன்று சரியாகத் தூவவில்லை என்று எண்ணிப் பார்க்க அவர்களில் யாருக்கு மனம் இருக்கும்?

பன்னிரண்டு நிமிடத்தில் அறுநூறு லிட்டருக்கு மேல் போயிற்று. ஜெசிந்தா மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். முதல் பாதியில் கொற்றலை வடக்குக் கோலைக் காக்கும்; எப்போதும் அப்படித்தான், டாஸ் வென்றால் கேப்டன் வேறு எதையும் கேட்க மாட்டான். ஒன்பதாம் தெளிப்பான் நனைக்காத காய்ந்த திட்டு எதிரணியின் பக்கம் கிடக்கும். இடைவேளையில் ஆணையம் இன்னொரு நான்கு நிமிடம் நீர் விட அனுமதிக்கும். அப்போது ஒன்பதைச் சரியாக ஓட விட்டுவிட்டால் போதும், இரண்டாம் பாதிக்குள் திட்டு நனைந்துவிடும். யாருக்கும் நட்டமில்லை.

உடற்பயிற்சிக்காக அணி இறங்கியது. துளசிங்கம் ஓடி வந்து எல்லைக்கோட்டருகே நின்றான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவன் அவளிடம் தரையைப் பற்றிக் கேட்பான். கோச் சொல்வதைவிட அவள் சொல்வதை நம்புவான். வடக்கு மூலையில் கொஞ்சம் சேறு, நடுவட்டத்துக்கு வலப்பக்கம் மேடு என்று அவள் சொல்லும் ஒவ்வொன்றும் அவன் காலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறு வருடத்தில் அவள் தப்பாகச் சொன்னதில்லை.

"யக்கா, தரை எப்டிக்கீது?"

இரண்டு அடி தள்ளி சதாசிவம் நின்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்.

"பட்டு மாரி கீது, துளசி."

"பாப்பா?"

"அதுக்கென்ன, ஜோராக் கீது. நீ போய் ஆடு."

அவன் சிரித்துக்கொண்டே ஓடினான். பொய் சொன்ன வாயைத் துடைத்துக்கொள்ள அவளிடம் எச்சில்கூட இல்லை.

* * *

முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு அணிகளும் தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் ஆடின. அந்தப் பயத்தோடு ஆடுகிற ஆட்டத்தைக் கண்கொண்டு பார்க்க முடியாது. சிட்டகாங்கின் தடுப்பாளர்கள் தெற்குக் கோலுக்கு முன்னால் நின்று பந்தைத் தூரத் தூர உதைத்துத் தள்ளினார்களே தவிர, தரையில் உருட்டவேயில்லை. காய்ந்த திட்டின்மேல் பந்து ஒரு தரம்கூட ஓடவில்லை. கோல் ஏதுமின்றி இடைவேளை வந்தது.

ஜெசிந்தா ஹோஸைக் கழற்ற தெற்கு மேடைக்கு அடியில் குனிந்தாள். துளையின் அந்தப் பக்கம் கோமதியின் முகம் தெரிந்தது.

"யக்கா, பாப்பா குடிச்சிட்டாக்கா. ரெண்டு டம்ளர். வாந்தி எடுக்கல. கண்ணத் தொறந்து பாக்கறா." கோமதி அழுதாள். "அக்கா, கடைசி ஆறு வீட்டுக்கு வரல. மூணாவது மாடி பசங்களுக்கு ஒன்னியுமே இல்ல. கொஞ்சம், கொஞ்சூண்டு வுடேன்."

ஜெசிந்தா திரும்பித் திட்டைப் பார்த்தாள். பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தது. முதல் பாதி முழுக்கக் கண் வைத்திருந்தாள், யாருக்கும் தெரியவில்லையே. இரண்டு ஷேர் ஆட்டோ நிறுத்துகிற இடம். அங்கே பந்து போகவேண்டும், போனாலும் உருண்டு போகவேண்டும், உருண்டாலும் அதை நம்பி ஒருவன் நிற்கவேண்டும். இத்தனையும் சேர்ந்து நடக்குமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மூன்றாவது மாடிக் குழந்தைகளோ நிஜமாகவே அங்கே கிடந்தார்கள்.

ஹோஸைக் கழற்றாமல் எழுந்துபோய் வால்வைத் திறந்தாள்.

அணி மறுபடி இறங்கியபோது துளசிங்கம் அவளைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினான். அப்படியேதானே இருக்கிறது என்று அர்த்தம். அவளும் கட்டைவிரலைத் தூக்கினாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூப்பிட்டால் காது கேட்கிற தூரம்தான். பக்கத்தில் சதாசிவம் இருந்தார், ஏன் மெதுவாக ஓடும் என்று கேட்பார், கேட்டால் நீர்க்களவு என்று எழுதி ஆட்டத்தையே எதிரணிக்குக் கொடுத்துவிடுவார் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்தால், ஒரு சைகை போதும். அவளுக்கு அது வரவில்லை.

எண்பத்தாறாவது நிமிடம். சிட்டகாங்கின் ஒரு நீண்ட பந்து தெற்குக் கோலை நோக்கி வந்தது. துளசிங்கம் அதை நிதானமாக மார்பில் வாங்கி இறக்கினான். நெருக்கடி ஒன்றும் இல்லை. எதிரணியின் முன்னணி வீரன் ஒருவன் முப்பதடி தள்ளி, நம்பிக்கை இல்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தான். துளசிங்கம் ஆயிரம் தடவை செய்ததையே செய்தான். உள்பாதத்தால் பந்தைக் கோல்காப்பாளருக்குத் திருப்பி உருட்டினான். உருட்டிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பியும்விட்டான்.

பந்து பாதி தூரம் வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு திட்டைத் தொட்டது. யாரோ காதில் ஏதோ சொன்னதுபோலத் தயங்கியது.

கோல்காப்பாளர் முன்னால் பாய்ந்தார். சிட்டகாங்காரன் முதலில் வந்துவிட்டான்.

நாற்பதாயிரம் குடங்களும் ஒரே நேரத்தில் நின்றன. கோலடித்தவன் கொண்டாடவில்லை. முழந்தாளிட்டு வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு அழுதான். துளசிங்கம் தன் வலது காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். ஆட்டம் முடிந்த விசில் ஊதியபோதும் அப்படியேதான் நின்றான்.

மேடைகள் காலியானபோது ஒவ்வொருவரும் தம் குடத்தை இருக்கையின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். தோற்றால் அப்படித்தான் செய்வார்கள்.

சதாசிவம் பம்ப் அறையில் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். ஆட்டநீர் முழு அளவு, தரை ஒழுங்கு, பந்துருட்டல் ஐந்து இடத்திலும் சரி. கையெழுத்துப் போட அவளிடம் நீட்டினார்.

"மனசு விட்டுடாதீங்கம்மா. உங்க பக்கம் ஒரு குத்தமும் இல்ல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் ஒன்பது ஊரு மூடறதப் பாத்துட்டேன். ஆரம்பத்துல பயப்படுவேன், கலவரம் வருமோன்னு. வந்ததே இல்ல. ஆணையம் ஏன் நாலு மந்தைய மட்டும் ஓட்டுது, மேகமெல்லாம் எங்க போச்சு, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அவன் அந்தப் பந்த ஒழுங்கா குடுத்திருந்தான்னா, அப்படின்னுதான் சாகற வரைக்கும் பேசுவாங்க. ஒரு காலக் காட்டினா போதும், ஊரு அடங்கிடும்."

ஜெசிந்தா கையெழுத்துப் போட்டாள்.

* * *

இடச்சீட்டு கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரே பிளாக்கில் இருந்தவர்களில் ஒரு வீட்டுக்கு மதுக்கரை, ஒரு வீட்டுக்கு பெல்லாரி, ஒரு வீட்டுக்கு பெயர் தெரியாத ஏதோ மேட்டுநிலம். ஆட்டநீரைத் தொட்ட வீட்டுக்குச் சீட்டு கிடையாது என்று கடைசி வரியில் அச்சடித்திருந்தது. சீட்டில்லாதவன் மூடிய ஊரிலும் இருக்க முடியாது, திறந்த ஊரிலும் நுழைய முடியாது. ஜெசிந்தா இரண்டு முறை ஆணைய அலுவலகம் வரை போய்ப் படியேறாமல் திரும்பினாள். இனி அவள் உண்மையைச் சொன்னாலும் ஆட்டத்தின் முடிவு மாறாது. துளசிங்கத்தின் கால் பழியிலிருந்து தப்பும். ஏழாம் பிளாக்கின் இருபத்திரண்டு வீட்டுச் சீட்டும் போகும்.

துளசிங்கத்தின் வீட்டு வாசலில் தினமும் காலையில் கவிழ்த்த குடங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. கோமதி அவற்றை எடுத்து ஓரமாக அடுக்குவாள். அடுக்கி முடிப்பதற்குள் இன்னும் நாலு வந்துவிடும். அவன் தெருவில் இறங்கினால் சன்னல்களுக்குள்ளிருந்து குடம் தட்டும் சத்தம் கிளம்பும். திட்டுவதோ கல்லெறிவதோ இல்லை. அவன் கண்ணிலிருந்து மறையும்வரை மெதுவாக, சாவு மேளம்போலத் தட்டுவார்கள். மூன்றாவது மாடிக்காரர்களும் தட்டினார்கள்.

நான்காம் நாள் காலை அவன் பக்கவாட்டுக் கதவு வழியாக மைதானத்துக்கு வந்தான். கையில் ஒரு பந்து.

"யக்கா, உள்ள வரலாமா?"

"இது இன்னா கேள்வி, வா."

அவன் தெற்குக் கோலுக்குப் போய் அதே இடத்தில் நின்றான். பந்தை உருட்டினான். போய் எடுத்து வந்தான். மறுபடி உருட்டினான். நாலு நாளாக நீர் காணாத புல் பழுத்துவிட்டிருந்தது. எங்கே உருட்டினாலும் பந்து தயங்கித் தயங்கி நின்றது. வெயில் ஏறும்வரை உருட்டிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து அவளருகே வந்து தரையில் உட்கார்ந்தான்.

"இப்ப எல்லா எடமும் ஒன்னாதான் கீது. இத வெச்சு ஒன்னியும் கண்டுபுடிக்க முடியாது." பந்தை மடியில் வைத்துக்கொண்டான். "எப்பவும் குடுக்கறா மாரிதான் குடுத்தேன்க்கா. அதே அடி. ராத்திரி பகலா நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், கால்ல தப்பு தெரியல. தரைல ஏதாச்சும் இருந்துச்சா? நீ சொல்லு. நீ சொன்னா நம்பிடறேன்."

நாலு நாளாக இந்தக் கேள்விக்காகத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். மதிலுக்கு அப்பால் ஏழாம் பிளாக்கில் ஏதோ ஒரு குழந்தை அழுதது. நல்ல வலுவான அழுகை.

"தரை பட்டு மாரிதான் இருந்துச்சு, துளசி."

"அப்போ என் கால்தான்."

"ஆமா."

அவன் தலையை ஆட்டினான். முகத்தில் கோபமும் இல்லை, நிம்மதியும் இல்லை. "செரி. தெரிஞ்சுக்கினா போதும்," என்றான். சொல்லும்போதே இருமல் வந்தது. நிற்காத வறட்டு இருமல்.

யாராவது இருமினால் தண்ணீர் கொடுப்பது கைப்பழக்கம். ஜெசிந்தா யோசிக்காமல் பம்ப் அறைக்குள் கையை விட்டு அங்கிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினாள். ஆட்ட நாளில் ஹோஸைக் கழற்றியபோது அதில் தேங்கியிருந்ததைப் பிடித்து வைத்தது. குடிக்க மனம் வராமல் அப்படியே கிடந்தது. அவன் அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டான்.

ஊற்றினவன் விழுங்கவில்லை. வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் கடைசியாக வென்றபோது பெய்த மழையில் இந்த ஊரே தெருவில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அந்த ருசி யாருக்கும் மறக்காது. மெல்ல விழுங்கினான். பாட்டிலைப் பார்த்தான். திட்டைப் பார்த்தான். ஒன்பதாம் தெளிப்பானின் கழுத்தில் ஹோஸ் அழுத்திய தடம், தார்ப்பாய் கிடந்த இடத்தில் வெளுத்த கோடு, வடிகால் துளை, பிளாக்கின் பின்சுவர் என்று அவன் கண் போய்க்கொண்டே இருந்தது. அவன் தடுப்பாளன். பந்து எங்கிருந்து எப்படி வந்தது என்று பின்னோக்கிப் படிப்பது அவன் தொழில்.

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"பாப்பா குடிச்சாளா?"

"குடிச்சா. அவளுக்குத்தான் மொதல்ல."

"எத்தினி வீடு?"

"எல்லா வீடும். துளசி, நான் இப்பவே போயி ஆணையத்துல சொல்லிடறேன். உன் கால் இல்ல, நான்தான்னு..."

"சொல்லி? இருவத்திரெண்டு சீட்டயும் கிழிப்பான். எம் பொண்ணு சீட்டயும் சேத்து." அவன் எழுந்தான். குரல் உயரவில்லை. "தண்ணி குடுத்தது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. நானா இருந்தாலும் குடுத்திருப்பேன். ஆனா என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அந்த எடத்துல மெதுவா ஓடும்னு. ஒரே ஒரு வார்த்த. தூக்கி அடிச்சிருப்பேன்."

ஜெசிந்தா உள்ளங்காலால் காய்ந்த புல்லைத் தடவினாள்.

"ரெண்டு தபா கேட்டேன். ரெண்டு தபாவும் பட்டு மாரி கீதுன்ன."

பாட்டில் மூடியை இறுக்கித் திருகினான். அதைச் சட்டைக்குள் விட்டு மேலே பட்டனைப் போட்டான்.

"இத பாப்பாவுக்கு எடுத்துக்கினு போறேன். யாரு கேட்டாலும் நீ சொன்னதையே சொல்லு. தரை நல்லாதான் இருந்துச்சு, அவன் கால்தான்னு."

பந்தை அங்கேயே விட்டுவிட்டுப் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். கதவு சாத்திய சத்தம் அடங்குவதற்குள் தெருமுனையில் முதல் குடம் தட்டப்பட்டது. பிறகு இரண்டு, பிறகு பத்து, பிறகு ஏழாம் பிளாக்கின் சன்னல்கள் எல்லாம். ஜெசிந்தா வெறுங்காலோடு திட்டின் நடுவில் போய் நின்றாள். அவன் வீடு போய்ச் சேரும்வரை அந்தச் சத்தம் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். எத்தனை வீடு, எத்தனை குடம் என்று அவள் காதால் எண்ணிக்கொண்டே நின்றாள்.